விலகல் கடிதத்தில் போடும் திகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை மாறுவதைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் நேர்முகப் பரீட்சையில் எப்படி உட்காருவது, என்ன நிறச் சட்டை போடுவது என்பதோடு முடிந்துவிடுகின்றன. திருகோணமலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவர் பணத்தை இழப்பது அந்த அறைக்குள் அல்ல. எந்தத் திகதியில் விலகினார், எந்தத் திகதியில் சேர்ந்தார், வெளியே வரும்போது கையில் என்ன கடதாசி இருந்தது என்பதில்தான். சீனன்குடா ஆலைகள், துறைமுகம், நகரத்து வங்கிகள், நிலாவெளி ஹோட்டல்கள், மாகாண சபை அலுவலகங்கள், தொண்டு நிறுவனங்கள் என்று இங்கே வேலை தரும் இடங்கள் அத்தனைக்கும் ஏதோ ஒரு வகையில் இது பொருந்துவதால், கொஞ்சம் நீட்டியே எழுத அனுமதியுங்கள்.

"புது இடத்தில் 80 ஆயிரம் தருகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், உடனே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அதில் அடிப்படை எவ்வளவு? உதாரணத்துக்கு, இப்போது வேலை செய்யும் இடத்தில் 65,000 ரூபா, முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு, அதாவது ஈ.பி.எப்.க்கு, 8 வீதம் வெட்டுப்படும். அது 5,200. கையில் வருவது 59,800. அதற்கு மேல் முதலாளி தன் பங்காக 12 வீதம், 7,800 கட்டுகிறார். ஈ.ரி.எப். எனப்படும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 வீதம், 1,950. அது ஊழியரின் சம்பளத்தில் வெட்டக் கூடாத காசு. ஆக, அவர் பெயரில் மாதம் உண்மையில் போகும் தொகை 74,750.

புது இடத்தின் 80,000ஐப் பிரித்துப் பார்த்தால் 40,000 அடிப்படை, மீதி 40,000 போக்குவரத்து, தொலைபேசி, ஊக்கத்தொகை என்று இருக்கிறது. ஈ.பி.எப். அடிப்படைக்கு மட்டுமே கட்டுகிறார்கள். 3,200 வெட்டுப்பட்டுக் கையில் 76,800 வரும். பழைய இடத்தைவிட 17,000 கூட. யாருக்கும் ஆசை வரும். ஆனால் முதலாளி பங்கு 4,800, ஈ.ரி.எப். 1,200 சேர்த்தால் மொத்தம் 86,000. உண்மையான வித்தியாசம் 11,250 ரூபாதான். பணிக்கொடையும், அதாவது விலகும்போது சேவைக் காலத்துக்காக முதலாளி தரும் தொகையும், அடிப்படைச் சம்பளத்தை வைத்தே வருவதால் அங்கே மாதத்துக்கு இன்னும் ஆயிரம் ரூபா அளவில் குறைகிறது. மிஞ்சுவது 10,200. வேலை திருகோணமலைக்குள் என்றால் அது நல்ல உயர்வு. கொழும்பில் என்றால், அறை வாடகை, மூன்று நேரச் சாப்பாடு, மாதம் இரண்டு தடவை ஊருக்கு வந்து போகும் பஸ் காசு எல்லாம் இந்தப் 10,200க்குள் அடங்குமா என்று ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.

கொடுப்பனவு என்று பெயர் வைத்துவிட்டால் ஈ.பி.எப். கட்டத் தேவையில்லை என்று சில முதலாளிமார் நினைக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் 'உழைப்பு' என்பது அடிப்படையோடு நின்றுவிடவில்லை. வாழ்க்கைச் செலவுப் படி, அதை ஒத்த படிகள், தரகு, லீவுச் சம்பளம், கொடுக்கும் உணவின் பெறுமதி எல்லாம் அதற்குள் வரும். மேலதிக நேரக் கொடுப்பனவுதான் வெளியே நிற்கும். ஆகவே கடிதத்தில் எந்தப் படிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். "ஓ.டி.யோடு சேர்த்து 90 வரும்" என்று சொல்லும் இடத்தில் ஓ.டி.யைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். ஓடர் குறைந்தால் முதலில் நிற்பது அதுதான்.

இனிப் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்வது சுருக்கமானது. விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஒரு நாளாவது 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடமாக இருக்க வேண்டும். 5 வருடச் சேவை முடிந்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் அரை மாதம். தானாக விலகினாலும் உண்டு. 30 நாளுக்குள் கொடுபட வேண்டும். இதில் தவறிப்போகும் இடம் 'முடிந்திருக்க வேண்டும்' என்ற சொல்.

2021 ஜூன் 10இல் சேர்ந்தவருக்கு 5 வருடம் முடிவது 2026 ஜூன் 9இல். அவர் ஏப்ரல் 20ஆம் திகதி ஒரு மாத நொத்தீஸ் கொடுத்து மே 20இல் வெளியே வந்தால் சட்டப்படி பணிக்கொடை ஒரு சதமும் இல்லை. மூன்று வாரம் பொறுத்திருந்தால் 65,000இல் பாதி, 5 வருடத்துக்கு, 162,500 ரூபா. கணக்குத் தெரிந்த சிலர் கெட்டிக்காரத்தனமாக மே 10இல் கடிதம் கொடுத்து, நொத்தீஸ் மாதத்தையும் சேர்த்து 5 வருடத்தைத் தாண்டப் பார்ப்பார்கள். அதுவும் முழுப் பாதுகாப்பில்லை. "நொத்தீஸ் தேவையில்லை, ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு இன்றே போகலாம்" என்று கொம்பனி சொன்னால், சேவை எந்த நாளோடு முடிந்தது என்ற வழக்கு வந்துவிடும். வருடம் நிறைந்த மறுநாள் கடிதத்தைக் கொடுப்பதே என் கணக்கில் சரி. புது இடத்தார் உண்மையிலேயே ஆளை விரும்பினால் ஒரு மாதம் பொறுப்பார்கள். பொறுக்க மாட்டோம், நாளைக்கே வா என்று அவசரப்படுத்துகிற இடத்தில், முன்பு இருந்தவர் ஏன் போனார் என்று கொஞ்சம் விசாரிப்பது நல்லது.

5 வருடத்தைத் தாண்டியவர்களுக்கும் திகதி முக்கியம். 6 வருடமும் 11 மாதமும் செய்தவருக்கு 6 வருடக் கணக்குத்தான். அடுத்தது, கடைசிச் சம்பளம் என்பது எல்லா வருடத்துக்கும் சேர்த்துப் பெருகுகிறது. 9 வருடம் வேலை செய்தவருக்கு ஜனவரியில் சம்பளம் 65,000இலிருந்து 70,000 ஆகுமென்றால், பணிக்கொடையில் மட்டும் 22,500 ரூபா கூடும். டிசம்பரில் கோபித்துக்கொண்டு வெளியேறுபவர் அதை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். வருட முடிவு போனசும் பெரும்பாலும் 'கொடுக்கும் திகதியில் சேவையில் இருப்பவருக்கு' என்றுதான் எழுதப்பட்டிருக்கும். மோசடி செய்தவருக்கோ நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்து வெளியேற்றப்பட்டவருக்கோ, நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையைப் பிடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நொத்தீஸ் கொடுக்கவில்லை, லெப்டொப் பிந்தித் திரும்பியது என்று சொல்லி முழுத்தொகையையும் நிறுத்தி வைப்பது வேறு கதை.

தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். சுனாமிக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் இங்கே வந்த திட்டங்கள் ஒவ்வொன்றாக முடிந்தபோது வருடாந்த ஒப்பந்தங்களும் முடிந்தன. ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனி வேலை, இடையில் இரண்டு நாள் இடைவெளி, ஆகவே 5 வருடம் தொடரவில்லை என்று வாதிடுவார்கள். சேவை தொடர்ந்தே நடந்தது என்று காட்டுவதற்குப் பழைய ஒப்பந்தங்கள், பே ஸ்லிப்புகள், இடைவெளி நாட்களில் அனுப்பிய மின்னஞ்சல்கள் வேண்டும். அலுவலகத்தை மூடி, ஆட்கள் கொழும்புக்கோ ஜெனீவாவுக்கோ போன பிறகு இவற்றைத் தேட முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

ஈ.பி.எப். பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வேலையை விட்டால் எடுக்கலாம் என்று. ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது வரை அதைத் தொட முடியாது. நிரந்தரமாக வெளிநாடு குடிபெயர்வது, ஓய்வூதியமுள்ள அரச சேவையில் சேர்வது, நிரந்தர இயலாமை, திருமணத்தை முன்னிட்டுப் பெண்கள் வேலையை விடுவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 10 வருடத்துக்கு மேல் கட்டி, மீதி 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். திருமணத்தைக் காரணம் காட்டி 26, 27 வயதில் முழுவதையும் எடுத்துவிட்டு, இரண்டு வருடத்தில் மறுபடி வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்ல வேண்டியது: அந்த ஒரு தொகை 50 வயதில் எவ்வளவாக வந்திருக்கும் என்று வங்கியில் வேலை செய்யும் யாரிடமாவது கேட்டுவிட்டுப் பத்திரத்தை நிரப்புங்கள். ஈ.ரி.எப். வேலை மாறும்போது எடுக்கக்கூடியது. ஆனால் ஒரு தடவை எடுத்தால் அடுத்ததற்கு 5 வருடம் காத்திருக்க வேண்டும். சின்னத் தொகைக்காக அதை உடைக்க வேண்டாம்.

வேலை மாறும்போது ஈ.பி.எப். இலக்கமும் மாறும். பழைய இடத்தின் இலக்கம், உறுப்பினர் இலக்கம் இரண்டையும் எழுதி வைக்காதவர்களுக்கு 55 வயதில் மூன்று, நான்கு கணக்குகளைத் தேடி அலையும் வேலை வருகிறது. தமிழருக்கு இதில் இன்னொரு தனிச் சிக்கல். தகப்பன் பெயர் முதலெழுத்தாக ஒரு இடத்தில், முழுதாக இன்னொரு இடத்தில். ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக் கூட, அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குறைய. பழைய அட்டையின் 9 இலக்கமும் 'வி' எழுத்தும் ஒரு கணக்கில், புதிய 12 இலக்கம் மற்றதில். சேரும் நாளில் விரல் அடையாளம் வைத்து நிரப்பும் 'பீ' அட்டையில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பின்னர் திருத்துவதற்குச் சத்தியக் கடதாசி, கிராம சேவகர், தொழில் திணைக்களம் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும்.

விலகுவதற்கு முன் கடைசியாக வந்த கணக்குக் கூற்றை எடுத்து, சம்பளத்தில் வெட்டிய மாதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒரு மாதப் பணம் அடுத்த மாத முடிவுக்குள் கட்டப்பட வேண்டும், பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். வெட்டிவிட்டுக் கட்டாமல் இருக்கும் இடங்கள் இங்கே இல்லாமல் இல்லை. உள்ளே இருக்கும்போதே கணக்காளரிடம் கேட்டுச் சரிசெய்வது, வெளியே வந்த பின் முறைப்பாடு எழுதுவதைவிட எத்தனையோ மடங்கு லேசு.

சேரும் திகதிக்கு வருகிறேன். அலுவலக ஊழியர்களில் பத்தில் ஒருவருக்காவது இது தெரியுமோ என்னவோ. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சேர்ந்த வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. இரண்டு மாதச் சேவைக்கு ஒரு நாள் கெஷுவல் லீவு மட்டும். அடுத்த வருடம் எத்தனை நாள் என்பது சேர்ந்த காலாண்டைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் 31 வரை சேர்ந்தவருக்கு 14 நாள். ஏப்ரல் முதல் ஜூன் வரை 10. ஜூலை முதல் செப்டெம்பர் வரை 7. ஒக்டோபர் 1இலோ அதற்குப் பின்னோ சேர்ந்தவருக்கு 4 நாள்தான். மார்ச் 31இல் கையொப்பம் வைத்தவருக்கும் ஏப்ரல் 1இல் வைத்தவருக்கும் நான்கு நாள் வித்தியாசம். "மாத முதலாம் திகதியே வாருங்கள்" என்று எச்.ஆர். சொல்வது அவர்களின் வசதிக்கு. ஒரு நாள் முன்னே வரலாமா என்று கேட்பதில் வெட்கமில்லை. தொழில்வாரியாகச் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபைகளின் கீழ் வரும் தொழில்களுக்கு லீவுக் கணக்கு வேறு என்பதையும் கவனியுங்கள்.

நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்பவர்களுக்குக் காலண்டரே வேறு. எங்கள் கரையில் சீசன் சித்திரை கழிந்து தொடங்கிப் புரட்டாதியோடு அடங்கும். வாடைக் காற்று தொடங்கினால் அறைகள் காலி. மேற்கிலும் தெற்கிலும் அப்போதுதான் ஆள் தேடுவார்கள். ஆகவே ஓகஸ்டில் சேவிஸ் சார்ஜ் (விருந்தினரிடம் அறவிட்டு ஊழியருக்குப் பங்கிடும் சேவைக் கட்டணம்) வாங்கியவர் அந்த மாதத்துப் பே ஸ்லிப்பைக் காட்டிப் பெந்தோட்டையில் பேரம் பேசினால், அங்குள்ள மனேஜருக்குச் சிரிப்பு வரும். கேட்க வேண்டியது 12 மாத சேவிஸ் சார்ஜ் எவ்வளவு, அதைப் பங்கிடுவதில் உங்கள் பதவிக்கு எத்தனை புள்ளி, தகுதிகாண் காலத்திலும் அந்தப் புள்ளி உண்டா என்பவை. உள்ளூருக்குள் மாறுபவர்கள் பெப்ரவரி, மார்ச்சில் பேசி முடிக்க வேண்டும். ஜூலை நடுவில் ஷிப்டை விட்டுப் போனவரின் பெயர் சாம்பல்தீவிலிருந்து குச்சவெளி வரை ஒரே நாளில் போய்விடும். ஊர் சின்னது.

அரச சேவையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் அதில் இருக்கிறார். இரண்டு விடயம் மட்டும். வேறு பதவிக்கோ மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சைக்கோ விண்ணப்பிப்பவர், திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பும் பிரதி முடிவுத் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். மேசையில் கிடந்து பிந்தினாலும் நிராகரிக்கப்படுவது விண்ணப்பதாரிதான். குறைந்தது இரண்டு வாரம் முன்பே கொடுத்து, தபாலில் போன இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். சேவைக் காலம் எண்ணப்படுவதும் பெரும்பாலும் விண்ணப்ப முடிவுத் திகதியை வைத்துத்தான். மற்றது, வினைத்திறன்காண் தடைப் பரீட்சையையும் இரண்டாம் மொழித் தேர்ச்சியையும் உரிய காலத்துக்குள் முடிக்காமல் விட்டு, பின்னர் சம்பள ஏற்றமும் மூப்பும் பின்தள்ளப்பட்டதும் இனத்தையோ அரசியலையோ காரணமாகச் சொல்வோர் நம்மிடையே உண்டு. சில வேளை அது உண்மை. பல வேளை பரீட்சைக்குப் போகவில்லை. அரச சேவையை விட்டுத் தனியாருக்குப் போக நினைப்பவர், பதவி விலகினால் அதுவரையான சேவைக்கு ஓய்வூதியம் இல்லாமல் போகும் என்பதையும் சம்பளத்தோடு சேர்த்து நிறுக்க வேண்டும்.

வங்கி ஊழியர்களுக்கு இன்னொரு பாரம், ஊழியர் சலுகை வட்டியில் எடுத்த வீட்டுக் கடன். வேலையை விட்ட நாளிலிருந்து அது சாதாரண வாடிக்கையாளர் வட்டிக்கு மாறலாம், அல்லது உடனே தீர்க்கச் சொல்லலாம். கடன் ஒப்பந்தத்தின் அந்தப் பந்தியைப் படித்து, புதிய தவணையைக் கணக்குப் போட்டுவிட்டுப் புதுச் சம்பளத்தைப் பேசுங்கள். கொம்பனி செலவில் பயிற்சி பெற்றவர்கள் பிணைப் பத்திரத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

வருமான வரி பலருக்குத் தேவையில்லாத கவலை. 2025 ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு 150,000 ரூபா வரை வரி இல்லை. 180,000 வாங்குபவருக்கும் மேலதிக 30,000க்கு 6 வீதம், 1,800 ரூபாதான். ஆண்டின் நடுவில் மாறினால் பழைய இடத்தில் வெட்டிய வரியைக் காட்டும் ரி.10 சான்றிதழை வாங்கி வைத்தால் போதும்.

வேலை மாறாமலேயே மேலே போக முடியுமா என்று முதலில் பார்ப்பதில் தவறில்லை. இங்கே பொதுவான குறை இது: சுப்பவைசர் வெளிநாடு போய்விடுவார். அவருடைய வேலையை உதவியாளர் ஒருவர் ஒன்றரை வருடம் செய்வார், சம்பளம் பழையது, கடிதம் எதுவும் இல்லை. விலகும்போது சேவைச் சான்றிதழில் 'உதவியாளர்' என்றே இருக்கும். புது இடத்தில் சுப்பவைசராக வேலை செய்தேன் என்று சொன்னால் யார் நம்புவது? அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் வாரத்திலேயே "இன்ன திகதியிலிருந்து இன்னின்ன கடமைகளைப் பதில் கடமையாகச் செய்கிறேன், உறுதிப்படுத்தவும்" என்று மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மனேஜர் 'சரி' என்று ஒரு சொல்லில் பதில் போட்டாலும் அது ஆவணம். சம்பள உயர்வைக் கேட்பதானால் அடுத்த ஆண்டு வரவு செலவு முடிவாவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன் கேளுங்கள். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கும் கொம்பனியில் மார்ச் கடைசியில் போய் நின்றால், மனேஜர் நல்லவராக இருந்தாலும் கையில் காசு இருக்காது.

சி.வி. பற்றி ஒரு பந்தி போதும். மதம், தகப்பனார் தொழில், உயரம், சாதாரண தரத்தில் சித்திரப் பாடத்துக்கு எடுத்த தரம் இவையெல்லாம் கலியாணத் தரகருக்கு உதவும். வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது அளவு. "கணக்கு வேலைகள் அனைத்தும் செய்துள்ளேன்" என்ற வரியில் ஒன்றும் இல்லை. "மாதம் ஏறத்தாழ 400 வவுச்சர் பதிவு, மூன்று வங்கிக் கணக்குகளின் இணக்கக் கூற்று ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள், 28 பேரின் சம்பளப் பட்டியலும் ஈ.பி.எப். சீ படிவமும்" என்று எழுதினால், ஆளின் கை எவ்வளவு ஓடும் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தொண்டு நிறுவனத்திலிருந்து தனியாருக்குப் போகிறவர் 'பயனாளிகள் வலுவூட்டல்' என்ற பாஷையை வீட்டிலேயே விட்டுவிட்டு, எத்தனை இலட்ச ரூபா கொள்வனவைக் கையாண்டார், எத்தனை பேரை வேலை வாங்கினார் என்று எழுத வேண்டும். சிங்களம் பேசுவீர்கள் என்றால் எழுதுங்கள். இந்த மூன்று மொழி ஊரில் அது ஆங்கிலத்துக்குச் சமமான தகுதி.

படிப்பு என்றதும் டிப்ளோமாவுக்குக் காசு கட்ட ஓடுகிறார்கள். பத்து வருடமாக ஹோட்டல் சமையலறையிலோ வெல்டிங் பட்டறையிலோ நிற்பவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமையில் 3ஆம் அல்லது 4ஆம் மட்டத்தை எடுக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், முதலாளி கடிதங்கள், பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் ஒரு கோவையாக்கிக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் நேரில் வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பார். அதிலிருந்து 5, 6 டிப்ளோமா, 7 பட்டம் என்று ஏணி போகிறது. பெரும்பாலானோர் விழுவது கைவேலையில் அல்ல. அளவு, பாதுகாப்பு விதி, பயன்படுத்தும் பொருளின் பெயர் என்று வாயால் கேட்கும் கேள்விகளில்தான். தனியார் நிலையத்தில் சேர்வதானால் அது மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, பட்டமானால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

இனி வேலையை விடுவது. புது இடத்தின் நியமனக் கடிதம், பதவி, அடிப்படைச் சம்பளம், சேரும் திகதி, தகுதிகாண் காலம், நொத்தீஸ் காலம் எல்லாம் எழுதப்பட்டு இருவரும் கையொப்பமிட்டதாகக் கைக்கு வரும்வரை பழைய இடத்தில் வாய் திறக்க வேண்டாம். "செலக்ட் ஆகிவிட்டீர்கள், கடிதம் பிறகு வரும்" என்ற தொலைபேசி அழைப்பு நியமனமாகாது. வைத்தியப் பரிசோதனை, பொலிஸ் அறிக்கை கிடைத்த பின்னரே உறுதி என்று கடிதத்தில் இருந்தால், அவை முடியும்வரை காத்திருங்கள். விலகல் கடிதம் நான்கு வரி: பதவி, கடிதத் திகதி, நொத்தீஸ் விதிப்படி கடைசி வேலை நாள், பொறுப்பு ஒப்படைக்கத் தயார் என்ற ஒரு வாக்கியம். மனக்குறைகளுக்கு அங்கே இடமில்லை. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையோடு ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் போடுங்கள்.

கடைசி நாளில் நீட்டும் கடதாசிகளில் ஒன்று "எனக்குச் சேர வேண்டிய சகலதையும் பெற்றுக்கொண்டேன்" என்று இருக்கும். தொகை எழுதாத அந்தக் கடதாசியில் கையொப்பமிட வேண்டாம். கடைசிச் சம்பளம், எடுக்காத லீவு, பணிக்கொடை என்று வரி வரியாகத் தொகை போட்டுத் தரச் சொல்லுங்கள். சேவைச் சான்றிதழில் சேர்ந்த நாள், விலகிய நாள், வகித்த பதவிகள் ஒவ்வொன்றும் திகதியோடு இருக்க வேண்டும். "நல்ல நடத்தையுள்ளவர்" என்ற வரி மட்டும் இருந்தால் அது பாடசாலை நற்சான்றிதழ் மாதிரி.

தானாக விலகாமல் விலக வைக்கப்படுபவர்களுக்கு ஒரு சொல். "நீங்களே கடிதம் கொடுத்தால் உங்கள் பெயருக்கு நல்லது" என்று அறைக்குள் கூப்பிட்டுச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். சுயவிருப்பில் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும் அந்தப் பாதுகாப்பை அநேகமாக நாமே கிழித்துப் போட்டுவிடுகிறோம். அன்றே கையொப்பமிடச் சொன்னால், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வாருங்கள். வேலை போய்விட்டதென்றால் தொழில் நியாய சபைக்கு மனுக் கொடுக்க 6 மாதம்தான் அவகாசம். "பேசிப் பார்ப்போம், திருப்பி எடுப்பார்கள்" என்று ஏழாம் மாதம்வரை காத்திருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டுப் போகிறது.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வாரந்தோறும் 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்ற சொல் பல தடவை வருகிறது. விளம்பரத்தை ஏற்கும்போது மூன்று விபரங்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: அடிப்படைச் சம்பளம், ஈ.பி.எப். எந்தத் தொகைக்குக் கட்டப்படுகிறது, நிறுவனத்தில் 15 பேர் அல்லது அதற்கு மேல் இருக்கிறார்களா. விளம்பரம் ஒரு வரி நீளும். அந்த வரிக்கான கட்டணத்தை விளம்பரதாரரே தரட்டும்.

இப்படிக்கு,
ஆளணித் துறையில் பணியாற்றும் வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.